முதலில் மல்லாந்து மிதக்கட்டும்

நுழையும்முன்

ஏரிகளும் கிணறுகளும் கழியும் கடலும் சூழ்ந்த மாவட்டம் செங்கல்பட்டு. நீரோடு வாழும் நிலத்தில் பிறந்தும் நீந்தத் தெரியாமலே பள்ளிப்படிப்பை முடிப்போர் பலர். நீச்சலைப் பதக்கத்திற்குரிய விளையாட்டாக மட்டும் காணாமல் உயிர்காக்கும் கல்வியாகவும் காண வேண்டும் என்றும், அக்கல்வி மல்லாந்து மிதப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

ஏரிகளின் நடுவே

செங்கல்பட்டுத் தொடர்வண்டி நிலையத்தை வடக்கிலிருந்து நெருங்குவோரின் கண்ணில் முதலில் படுவது கொளவாய் ஏரி. தெற்கே சென்றால் மதுராந்தகத்தின் பேரேரி. அதற்கு அருகில் பறவைகள் குடியிருக்கும் வேடந்தாங்கல். கிழக்கே திரும்பினால் திருக்கழுக்குன்றத்தின் சங்கு தீர்த்தம். அதையும் கடந்தால் கடற்கரையை ஒட்டி ஓடும் பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காட்டின் கழி, கோவளம் தொடங்கி மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என நீளும் வங்கக் கடல். பாலாறு கடலைச் சேர்வதும் இம்மாவட்டத்தில்தான். ஊர்தோறும் ஏரி, ஏரிதோறும் மதகு, கழனிதோறும் கிணறு என்று சொல்லத்தக்க நிலம் இது.

இந்நீரெல்லாம் நெல்லுக்கும் மாந்தருக்கும் வாழ்வளிக்கும் நீர். அதே நீர் கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கொண்டு போகவும் செய்கிறது. ஏப்ரல், மே மாத நாளிதழ்களில் மாவட்டச் செய்திப் பக்கத்தைப் படிப்போர் இதை அறிவர். குளிக்கச் சென்ற மாணவன், அவனைக் காப்பாற்றக் குதித்த அண்ணன், இருவரையும் மீட்க இறங்கிய நண்பன் என ஒரே செய்தியில் மூன்று பெயர்கள் வருவதுண்டு. மண் அள்ளப்பட்ட ஏரிகளில் முழங்காலளவு நீருக்கு அடுத்த அடியிலேயே இரண்டாள் ஆழம் இருக்கும்; கலங்கிய நீரின்மேல் அது தெரியாது. கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகளிலோ, கரை என்று சொல்ல ஒன்றுமில்லை. பற்றி ஏற முடியாத செங்குத்துப் பாறையே உண்டு. சூன் மாதத்தில் பள்ளி திறந்து வருகைப் பதிவேட்டை விரிக்கும்போது, அழைக்க முடியாத ஒரு பெயரைத் தாண்டிச் செல்வது எத்தகையது என்பதை ஆசிரியர்கள் சிலரேனும் அறிவர்.

இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறப்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. உலக அளவில் 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் இவ்வாறு இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குறைந்த வருவாயும் நடுத்தர வருவாயும் உடைய நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஐக்கிய நாடுகள் அவை 2021இல் சூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுப்பதற்கான உலக நாளாக அறிவித்தது. நம் ஒன்றிய அரசின் சுகாதார அமைச்சகமும் 2023 டிசம்பரில் இதற்கெனச் செயல்திட்ட வரைவு ஒன்றை வெளியிட்டது.

இவ்வளவுக்கும் நாம் பிள்ளைகளிடம் சொல்லிவருவது ஒரே தொடர்தான்: “தண்ணீர்ப் பக்கம் போகாதே.” எச்சரிக்கைப் பலகையும் முள்வேலியும் வேண்டியவையே, மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை அடுத்த கடலில் இறங்காதீர் என்னும் எச்சரிக்கை முழுக்க முழுக்க நியாயமானது. ஆனால், கத்திரி வெயிலில் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏரி விடுக்கும் அழைப்பைப் பலகையால் தடுக்க முடியும் என நம்புவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். தடுக்கப்பட்ட பிள்ளை போகாமல் இருப்பதில்லை; பெரியவர் எவருக்கும் தெரியாமல் போகிறான். ஆபத்து அங்கேதான் இரட்டிப்பாகிறது.

நிலையும் நீச்சும்

நீரில் கால் ஊன்றி நிற்கத்தக்க ஆழத்தை ‘நிலை’ என்றும், ஊன்ற முடியாத ஆழத்தை ‘நீச்சு’ என்றும் வழங்குவது தமிழ் மரபு. நீச்சு என்னும் சொல்லே நீந்துதலையும் குறிக்கும். நீந்தினால் மட்டுமே கடக்கக்கூடிய ஆழத்தையும் குறிக்கும். அந்த ஆழம் இருக்கும் இடத்தில் அந்தத் திறனும் இருந்தாக வேண்டும் என்னும் அறிவு மொழிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

புறநானூற்றின் 243ஆம் பாடலில் தொடித்தலை விழுத்தண்டினார் காட்டும் முதியவரை மாணவர்கள் அறிந்திருப்பர். இளமையில் மருதமரத்துக் கிளையேறி, கரையில் நிற்போர் வியக்க மடுவில் பாய்ந்து, அடிமணலை அள்ளிக்கொண்டு வந்து காட்டியதை எண்ணி அவர் ஏங்குகிறார். இப்பாடலை வகுப்பில் கற்பிக்கும்போதெல்லாம் இளமையின் நிலையாமையையே நாம் விளக்குகிறோம், அது பொருத்தமே. ஆயினும், பழைய தமிழ்ச் சிற்றூரின் இளைஞர்க்கு நீர் எவ்வளவு பழகிய இடமாக இருந்தது என்பதும் அதே பாடலில் இருக்கிறது. பாடலை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் பெறும் மாணவன், அப்பாடலில் வரும் மடுவில் தவறி விழுந்தால் ஒரு நிமிடம் தாக்குப்பிடிப்பானா என்று யாரும் கேட்பதில்லை.

சாதனையாளர்களுக்கு நம்மிடம் குறைவில்லை. சென்னையைச் சேர்ந்த குற்றாலீசுவரன் 1994இல் பதின்மூன்றாம் வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, மீண்டும் நீந்தியே திரும்பினார். சென்னையில் 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது வேளச்சேரியில் நீச்சல் வளாகம் ஒன்றும் எழுந்தது. இவை பெருமைக்குரியவை. எனினும், நூறு பேருள் ஒருவரைக் கடல் கடக்கச் செய்யும் ஏற்பாடு வேறு; நூறு பேரையும் கிணற்றிலிருந்து கரையேறச் செய்யும் ஏற்பாடு வேறு. முதலாவதற்கு வேகமும் ஆற்றலும் வேண்டும். இரண்டாவதற்கு வேண்டுவது மூச்சு.

மூச்சே முதற்பொருள்

நீச்சல் தெரியாதவர் நீரில் இறப்பது நீந்த முடியாததால் அன்று. மூச்சு விட முடியாததால். இது சொல்லத் தேவையற்ற செய்தி போலத் தோன்றும். ஆனால், தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கு நாம் நீச்சல் கற்பிக்கும் முறை இதை மறந்துவிட்டது. பெரும்பாலான குளங்களில் முதல் நாளே பிள்ளையைக் குப்புறக் கிடத்தி, முகத்தை நீருக்குள் அமிழ்த்தி, விளிம்புக் கம்பியைப் பிடித்துக் காலை உதைக்கச் சொல்கின்றனர். குப்புற நீந்துபவர் மூச்சு வாங்க வேண்டுமானால் உரிய நொடியில் தலையைத் திருப்ப வேண்டும். திருப்பும்போது உடல் சாயாமல் இருக்க வேண்டும். வாயைத் திறக்கும் முன்பே உள்ளிருந்த காற்றை நீருக்குள் விட்டு முடித்திருக்க வேண்டும். இம்மூன்றையும் ஒருசேரச் செய்யக் கற்பதற்கு வாரங்கள் ஆகும். அந்த வாரங்களுக்குள் அப்பிள்ளை ஒரு குட்டையில் தவறி விழுந்தால் கற்றது எதுவும் உதவாது.

மல்லாந்து கிடப்பவருக்கோ மூச்சு ஒரு சிக்கலே அன்று. வாயும் மூக்கும் வானத்தைப் பார்த்திருக்கின்றன. நுரையீரல் நிறையக் காற்றை இழுத்தால் மாந்த உடலின் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிடச் சற்றே குறைகிறது. கடல்நீர் உப்பால் மேலும் அடர்த்தி மிக்கது ஆகையால் அங்கு மிதப்பது இன்னும் எளிது. நீருக்கு மேலே தெரியக்கூடிய உடற்பகுதி மிகச் சிறியது. அந்தச் சிறு பகுதி எதுவாக இருக்க வேண்டும் என்பதே வாழ்வா சாவா என்னும் வினா. தலையுச்சி மேலே இருந்தால் பயனில்லை; தூக்கிய கை மேலே இருந்தால் அது உடலை இன்னும் கீழே அழுத்தும். முகம் மட்டும் மேலே இருந்தால் போதும்.

மூழ்குபவர் கையசைத்துக் கூவுவார் எனத் திரைப்படங்கள் நமக்குக் கற்பித்துள்ளன. உண்மையில் மூழ்குதல் பெரும்பாலும் ஓசையற்றது. மூச்சுக்கே வழியில்லாதவரால் கூவ முடியாது. கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து நீரை அழுத்தும். தலை பின்னோக்கிச் சாய்ந்து வாய் மேலே வர முயலும். இந்தக் கடைசி அசைவைக் கருதிப் பார்க்க வேண்டும். கல்லாத உடலும் தலையைப் பின்னே சாய்த்து முகத்தை மேலே கொணரவே முயல்கிறது. ஆனால் கால்கள் செங்குத்தாகத் தொங்குவதால் தோற்றுப்போகிறது. இடுப்பை உயர்த்திக் கிடக்கக் கற்பித்திருந்தால் அதே முயற்சி வென்றிருக்கும்.

உயிர்காப்பு மேலுடையை ஆராய்ந்தாலும் இவ்வுண்மை விளங்கும். நல்ல மேலுடையில் மிதக்கும் பொருளின் பெரும்பகுதியை மார்புப் பக்கத்திலேயே வைத்துத் தைப்பர். நினைவிழந்து கிடப்பவரையும் அது மல்லாத்திவிடும். நம் ஊர்களில் பிள்ளைகளின் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்குவது பழைய வழக்கம். பின்னர் அவ்விடத்துக்கு நெகிழிப் புட்டியும் லாரி டியூபும் வந்தன. மிதப்பது எப்போதும் மேலே வர முயலும். எனவே முதுகில் கட்டிய குடுக்கை பிள்ளையைக் குப்புறத் தள்ளும். தாத்தாக்கள் கயிற்றைக் கையில் பிடித்தபடி அருகிலேயே நின்றதால்தான் அந்த முறை தீங்கின்றி நடந்தது. குடுக்கையைக் குறை கூறுவது என் நோக்கமன்று. கட்டும் இடத்தை மாற்றி மார்பில் அணைத்துப் பிடிக்கச் சொன்னால், அதே சுரைக்குடுக்கை மல்லாந்து மிதக்க மிக நல்ல துணையாகும்.

தலையணையாகும் தோள்

மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கக் குன்றில் மகிடாசுரமர்த்தினி குகை உள்ளது. அதன் ஒரு சுவரில் சிங்கத்தின்மேல் அமர்ந்து போரிடும் கொற்றவை. எதிர்ச்சுவரில் பாம்பணையில் பள்ளிகொண்ட திருமால். ஒரு புறம் எல்லாம் அசைவு. மறுபுறம் எல்லாம் அமைதி. நீர்மேல் கிடப்பவரின் உடல் எவ்வாறு இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு விளக்க விரும்பும் ஆசிரியர் அந்த இரண்டாம் சுவரைக் காட்டலாம். நீண்ட உடல், தளர்ந்த தோள், எதனோடும் போராடாத கால்கள். பல்லவச் சிற்பி நீச்சல் கற்பிக்கச் செதுக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் நீர்மேல் துயில்வதன் தோற்றத்தை அவன் அறிந்திருந்தான்.

கற்பிக்கும் முறைக்கு வருவோம். தொடக்கத்தில் பிள்ளையின் இடுப்பளவு நீரே போதும். பலரும் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு: மிதக்கக் கற்பிக்கும் முன் எழுந்து நிற்கக் கற்பிக்க வேண்டும். மல்லாந்து கிடப்பவர் நிற்க விரும்பினால் முழங்காலை மார்புக்கு இழுத்து, முகவாயை முன்னே கொண்டுவந்து, கைகளால் நீரைப் பின்னிருந்து முன்னாக அள்ள வேண்டும். கால்கள் தாமே தரைக்கு வரும். இதனைப் பத்து முறை செய்து பழகிய பிள்ளைக்கு, வேண்டும்போது எழுந்துகொள்ளலாம் என்னும் துணிவு பிறக்கும். அத்துணிவு இல்லாத பிள்ளையிடம் “உடலைத் தளர்த்து” என்று எத்தனை முறை சொன்னாலும் தளர்த்தாது. அஞ்சுபவரிடம் அஞ்சாதே என்று சொல்வது கற்பித்தல் ஆகாது.

அடுத்தது காது. மல்லாந்து கிடக்கையில் இரு காதுகளும் நீருக்குள் இருக்கும். உலகத்தின் ஓசை திடீரென அடங்கிவிடும். சிறுபிள்ளைகளை அச்சுறுத்துவது ஆழத்தைவிட இந்த அமைதியே. ஆசிரியர் குனிந்து, பிள்ளையின் பின்தலையைத் தம் தோளில் சாய்த்துக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்துப் பேசியபடி பின்னோக்கி நடக்க வேண்டும். தோளே முதல் தலையணை. சில நாள்களில் தோளின் இடத்தைக் கை பெறும். ஒரு கை பிடரியில், மற்றொன்று இடுப்பின் கீழ். பின்னர் இடுப்பின் கை விலகும். பிறகு பிடரியில் ஒரு விரல் மட்டும் இருக்கும். அவ்விரலையும் எடுக்கும்போது பிள்ளைக்குச் சொல்லிவிட்டே எடுக்க வேண்டும். சொல்லாமல் எடுத்து, “நீயே மிதந்தாய், பார்!” என வியப்பூட்டும் ஆசிரியர்கள் உண்டு. ஒருமுறை அது வெல்லும். அடுத்த முறை பிள்ளை ஆசிரியரின் கையை நம்பாது.

கண் நேரே மேலே இருக்க வேண்டும். தன் கால்விரலைப் பார்க்க நினைத்துத் தலையைத் தூக்கிய நொடியில் இடுப்பு தாழ்ந்துவிடும். பெரியவர்களின் தலை உடல் நீளத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது ஆறில் ஒரு பங்கு. அதனால் சிறுபிள்ளைகள் தலையைத் தூக்குவதன் விளைவு இன்னும் பெரிது. ‘வயிற்றை வானத்துக்குக் காட்டு’ என்னும் ஒரு கட்டளை பத்து விளக்கங்களுக்கு ஈடாகும். மெலிந்த பிள்ளைகளுக்குக் கால் தாழ்வது இயல்பு. நுரையீரல் மார்பில் இருப்பதால் மிதப்பின் மையம் மேலே இருக்க, எடையின் மையமோ இடுப்பருகே இருக்கிறது. அத்தகையோர் இரு கைகளையும் தலைக்கு அப்பால் நீட்டினால் எடை மேல்நோக்கி நகர்ந்து கால்கள் உயரும். நெம்புகோல் பாடத்தை இயற்பியல் ஆசிரியர் குளத்தில் நடத்தினால் யாரும் மறக்கமாட்டார்கள். மூக்கில் நீர் ஏறுகிறது என அழும் பிள்ளையை மெல்ல முனகிக்கொண்டே கிடக்கச் சொல்லலாம். முனகும்போது காற்று மூக்கின் வழியே வெளியேறுவதால் நீர் உள்ளே வராது. காதில் சீழ் உள்ளவர்களும் வலிப்பு வரும் பிள்ளைகளும் மருத்துவரைக் கேட்ட பின்னரே இறங்க வேண்டும்.

மிதக்கக் கற்ற பிள்ளை காலை உதைக்கத் தொடங்கும். தொடக்கத்தில் எல்லாருமே மிதிவண்டி ஓட்டுவதுபோல் முழங்காலை மடக்குவர். உடல் நகராது, நீர் மட்டும் தெறிக்கும். அசைவு இடுப்பிலிருந்து வர வேண்டும்; முழங்கால் நீருக்கு மேலே தெரியலாகாது; கால்விரல் நுனியில் உலைநீர் கொதிப்பதுபோல் சிறு குமிழ்கள் எழுந்தால் போதும். கைகளை இடுப்பருகே வைத்து மீன் துடுப்புபோல் மெல்ல அசைக்கலாம். கைகளை மாறி மாறிச் சுழற்றி, கட்டைவிரல் முதலில் வெளிவர, சுண்டுவிரல் முதலில் உட்புக நீந்தும் போட்டி முறையெல்லாம் பிறகு வரட்டும். உயிர் காக்கக் காலுதைப்பே போதும்.

இறுதியாகக் கற்க வேண்டியது புரளுதல். கிணற்றில் தவறி விழுபவர் மல்லாந்து விழுவதில்லை. எப்படி விழுந்தாலும் தோளைத் திருப்பி, தலையைத் தொடரவிட்டு, மல்லாந்த நிலைக்கு வரத் தெரிந்திருக்க வேண்டும். இதைக் கற்பிக்காத மிதப்புப் பயிற்சி பாதிப் பயிற்சியே.

‘தள்ளிவிட்டால் தானாக நீந்துவான்’ என்னும் நம்பிக்கை நம்மூர்களில் இன்னும் இருக்கிறது. அப்படிக் கற்றவர்கள் அதைப் பெருமையாகவும் சொல்வர். அப்படிக் கற்க முடியாமல் வாழ்நாள் முழுதும் நீருக்கு அஞ்சி ஒதுங்கியவர்கள் தம் கதையைச் சொல்வதில்லை. தப்பிப் பிழைத்தவர்களின் சான்றை மட்டும் கொண்டு ஒரு முறையை நல்லதென முடிவு செய்தல் தகாது.

மறுப்புகள் சில

நீச்சல் பயிற்றுநர்கள் சிலர், குப்புற நீந்துவதே விரைவாகக் கரைசேர்க்கும். மல்லாந்து நீந்துபவர் செல்லும் திசை அறியாமல் சுவரில் தலையை மோதிக்கொள்வர் என்பர். இரண்டும் உண்மையே. போட்டிக் குளங்களில் இரு முனைகளிலிருந்தும் 5 மீட்டர் தொலைவில், நீருக்கு மேலே சிறு கொடிகளைக் கட்டுவது மல்லாந்து வருவோர்க்குச் சுவர் நெருங்குவதை உணர்த்தத்தான். ஏரிக்கரையில் கொடிக்குப் பதிலாக உடன் நடந்து வரும் ஒருவர் போதும். விரைவைப் பற்றிய மறுப்புக்கு வேறு விடை உண்டு. எந்த நீச்சலை முடிவில் கற்க வேண்டும் என்பதன்று நம் வினா. எதை முதலில் கற்க வேண்டும் என்பதே. களைத்தால் திரும்பிப் படுத்து இளைப்பாறலாம் என்று அறிந்த பிள்ளை குப்புற நீந்தவும் துணிவோடு கற்கும். போட்டிக்கும் இதனால் இழப்பில்லை. 2020 தோக்கியோ ஒலிம்பிக்கில் நீந்திய இந்தியர் மூவருள் சிறீஹரி நடராஜ், மானா பட்டேல் ஆகிய இருவர் மல்லாந்து நீந்தும் போட்டியில் களமிறங்கியவர்களே.

மற்றொரு மறுப்பு கடுமையானது. சிறிதளவு கற்ற பிள்ளை அளவுக்கு மீறிய துணிவோடு ஆழத்தில் இறங்காதா? இறங்கக் கூடும். ஆகையால் மிதத்தலோடு சேர்த்தே சில கட்டுப்பாடுகளையும் கற்பித்தாக வேண்டும். தனியே இறங்கலாகாது; அறியாத நீரில் பாயலாகாது; குவாரிக் குட்டையில் எவ்வளவு கற்றவரும் இறங்கலாகாது. மிதத்தல் என்பது தவறி விழுந்தவருக்கான கல்வி. வேண்டுமென்று இறங்குவதற்கான உரிமைச் சீட்டு அன்று.

கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரையில் மோதிய அலைநீர் குறுகிய வழியொன்றில் திரண்டு கடலுக்குத் திரும்பும்போது வலிய இழுப்பு உண்டாகிறது. அது மனிதரை ஆழத்துக்கு இழுப்பதில்லை. கரையிலிருந்து அப்பால் இழுக்கிறது. அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் அதன் வலிமை குறைந்துவிடும். ஆனால் அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் அடித்து, சில நிமிடங்களில் களைத்து மூழ்குகிறார். பிரித்தானியாவின் உயிர்காப்புப் படகு நிறுவனம், நீரில் தடுமாறுவோர் முதலில் செய்ய வேண்டியது பின்னே சாய்ந்து மிதப்பதே என்று பரப்புரை செய்துவருகிறது. மாமல்லபுரத்தின் உடையும் அலைகளுக்கு நடுவே முகத்தில் நீர் அடிக்கும்போது மிதப்பது குளத்தில் மிதப்பதுபோல் எளிதன்று. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் போராடிக் களைப்பவரைவிட மிதந்து காத்திருப்பவரைப் படகு சென்று சேர வாய்ப்பு மிகுதி.

பிற நாடுகளும் நம் ஊரும்

சப்பானில் 1955ஆம் ஆண்டு மே 11 அன்று ‘சியுன் மாரு’ என்னும் படகுக் கப்பல் மற்றொரு கப்பலோடு மோதி மூழ்கியது. இறந்த 168 பேருள் ஏறத்தாழ 100 பேர் கல்விச் சுற்றுலா சென்ற பள்ளிப் பிள்ளைகள். அத்துயரத்துக்குப் பின் நாடெங்கும் பள்ளிகளில் நீச்சல்குளம் அமைக்கும் முயற்சி விரைவுபெற்றது. இன்று அங்குப் பிள்ளைகளுக்கு ‘மிதந்து காத்திரு’ என்னும் பொருளுடைய தொடரைச் சொல்லி, உடுத்த உடையோடும் காலணியோடும் மல்லாந்து மிதக்கக் கற்பிக்கின்றனர். நெதர்லாந்தில் பிள்ளைகள் பெறும் முதல் நீச்சல் சான்றிதழுக்கும் உடையோடு நீந்திக் காட்ட வேண்டும். செல்வ நாடுகளுக்கு இது இயலும், நமக்கு இயலுமா எனக் கேட்போர் வங்காள தேசத்தைப் பார்க்கலாம். அங்கே சிற்றூர்க் குளத்திலேயே மூங்கிலால் நீரடி மேடை கட்டி, சுற்றிலும் தடுப்பு அமைத்து, நான்கு வயது முதலான பிள்ளைகளுக்கு 25 மீட்டர் நீந்தவும் 30 நொடி மிதக்கவும் பயிற்சி தருகின்றனர். பளிங்கு பதித்த குளம் அங்கில்லை. மூங்கில் இருக்கிறது, குளம் இருக்கிறது, கற்பிக்க ஊர்க்காரர் இருக்கிறார்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இவற்றுள் எது இல்லை? கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கு கற்றுத் தேர்ந்து, பிறர்க்கும் கற்பிக்கின்றனர். கட்டுமரம் என்னும் சொல்லை உலக மொழிகளுக்குக் கொடுத்த கடற்கரை இது. நீரை இவர்களைவிட நன்கறிந்த ஆசிரியர் யார்? பட்டச் சான்றிதழ் இல்லை என்னும் ஒரே காரணத்துக்காக அவர்களைப் பள்ளி வாயிலுக்கு வெளியே நிறுத்துவது அறிவுடைமை ஆகாது. முதலுதவியும் கற்பிக்கும் ஒழுங்கும் பயிற்றுவித்து, ஊதியம் கொடுத்து அழைக்க வேண்டும்.

அந்தக் கடற்கரையிலும் ஒரு குறை உண்டு. மீனவக் குப்பங்களில் ஆண்பிள்ளைகள் நடக்கத் தொடங்கும் பருவத்திலேயே அலையில் புரள்கின்றனர். பெண்பிள்ளைகள் பெரும்பாலும் கரையில் நின்று பார்க்கின்றனர். உள்ளூர்ச் சிற்றூர்களில் துணி துவைக்கவும் நீர் மொள்ளவும் ஏரிப்படியில் இறங்குவோர் பெண்களே. நீந்தக் கற்காதவர்களும் அவர்களே. நாணமும் உடையும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. நீச்சலுடை வேண்டியதில்லை. அன்றாடம் உடுத்தும் சுடிதாரோடும் பாவாடையோடும் மிதக்கக் கற்பதே உண்மையான பயிற்சி; ஏனெனில் தவறி விழும் நாளில் உடம்பில் இருக்கப்போவது அந்த உடைதான். நனைந்த துப்பட்டா காலில் சுற்றினால் அதை எவ்வாறு கழற்றி விடுவது என்பதும் பாடத்தில் இடம்பெற வேண்டும். பெண் பயிற்றுநர்கள் வேண்டும். பெண்களுக்கெனத் தனி நேரம் வேண்டும். இவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

கரையில் நிற்பவருக்கும் ஒரு பாடம் உண்டு. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெரம்பலூர் மாவட்டத்துக் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர் நால்வர் மூழ்கத் தொடங்கியபோது, அங்கிருந்த பெண்கள் மூவர் தாம் உடுத்திய சேலைகளை அவிழ்த்து வீசி இருவரைக் கரைக்கு இழுத்தனர். தமிழ்நாடு அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. விருதுக்குரியது அவர்களின் துணிவு மட்டுமன்று, அந்நேரத்து அறிவும்தான். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து இறக்கும் செய்திகளையே படித்துப் பழகிய நமக்கு, வீசத்தக்க பொருள் எதுவும் கயிறாகும் என்பதை அவர்கள் காட்டினர். மூடியிட்ட வெற்று நெகிழிக் குடம், வேட்டி, நீண்ட மூங்கில் எதுவாயினும் உதவும். மிதக்கத் தெரிந்த ஒருவர் நீரிலும், வீசத் தெரிந்த ஒருவர் கரையிலும் இருந்தால் பெரும்பாலும் இருவரும் வீடு திரும்புவர்.

ஐந்தாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் பள்ளி உடையோடு மார்பளவு நீரில் பக்கவாட்டில் விழுந்து, புரண்டு மல்லாந்து, ஒரு நிமிடம் மிதந்து, பின் காலை உதைத்து 25 மீட்டர் தொலைவிலுள்ள கரையை அடைய வேண்டும் என ஒரு தேர்வு வைக்கலாம். மதிப்பெண் வேண்டா, தரவரிசை வேண்டா, ஆம், இல்லை என்னும் இரண்டே முடிவு போதும். ‘இல்லை’ என வந்த பிள்ளை அடுத்த மாதம் மீண்டும் வரட்டும். மண் அள்ளப்படாத, சேறில்லாத ஓர் ஏரிக்கரையைத் தேர்ந்து, ஆழத்தை அளந்து, மூங்கில் தடுப்பும் கயிறும் கட்டி, ஓர் ஒன்றியத்தில் பத்துப் பள்ளிகளோடு தொடங்கினால் முதலாண்டுக்குப் போதுமானது. வடகிழக்குப் பருவமழையில் நிறைந்த ஏரி தெளிந்து, நீரின் குளிர்ச்சியும் தணிந்திருக்கும் மாசி, பங்குனி மாதங்களே இப்பயிற்சிக்கு ஏற்றவை. சித்திரையில் விடுமுறை தொடங்கும் முன் அது முடிந்திருக்க வேண்டும்.